கழித்துப் போட்டதை ஏன் திரும்பிப் பார்க்கிறோம்?

8 ஜனவரி, ஒரு வாசகரின் கேள்வி

இத்தாலியில் ஒருவன் தன் பீயை டப்பாவில் அடைத்துத் தங்கத்தின் விலைக்கு விற்றானாம். லண்டனில் ஒரு பெண் தன் அழுக்குப் படுக்கையை அப்படியே தூக்கி வைத்தாளாம், அதற்குக் கோடிகள். எனக்கு இதில் கலை தெரியவில்லை, பணக் கொழுப்புதான் தெரிகிறது. அருவருப்பைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களே, காரணம் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு 10.50

டப்பாக் கதையில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பியரோ மன்ஸோனி 1961 மே மாதம் செய்தது 90 டப்பாக்கள். நிகர எடை 30 கிராம் என்று நாலு மொழிகளில் லேபிள், மேலே வரிசை எண். அன்றன்று 30 கிராம் தங்கம் என்ன விலையோ அதுதான் டப்பாவுக்கு அவர் வைத்த விலை. லண்டன் டேட் அருங்காட்சியகம் 2000இல் ஒன்றை 22,300 பவுண்டுக்கு வாங்கியது. 2016இல் மிலானில் இன்னொன்று 2,75,000 யூரோவுக்கு ஏலம் போனது. மன்ஸோனி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1963இல், 29 வயதில் இறந்துவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதிலேயே தகராறு. அவரோடு பழகிய பொனாலூமி என்ற கலைஞர், உள்ளே இருப்பது வெறும் பிளாஸ்டர் என்று 2007இல் சொன்னார். 1989இல் பெர்னார் பாஸில் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே எதையோ சுற்றி வைத்திருந்தது. திறந்தால் டப்பா டப்பாவாக இருக்காது, திறக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. வாங்கியவர்கள் காசு கொடுத்தது அந்த மூடிக்குத்தான்.

8 ஜனவரி, இரவு 11.35

படுக்கையை நேரில் பார்த்திருக்கிறேன். ட்ரேஸி எமின் 1998இல் செய்தது. 2014இல் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போய், அடுத்த வருடம் டேட் பிரிட்டனில் வைத்திருந்தார்கள். வேலை விஷயமாக லண்டனில் இருந்தேன், ஒரு சனிக்கிழமை போனேன். கசங்கிய விரிப்பு, காலி வோட்கா பாட்டில், சிகரெட் துண்டுகள், மாதவிடாய்க் கறை படிந்த உள்ளாடை. பக்கத்துச் சுவரில் பிரான்சிஸ் பேக்கனின் ஓவியங்கள்.

நான் செய்த முதல் காரியம் முடிந்தவரை குனிந்து மோந்து பார்த்தது. ஒன்றுமில்லை. கழுவிய தரையின் வாசனையும் யாரோ போட்டிருந்த சென்ட்டும்தான். ஒருத்தி நாலு நாள் எழுந்திரிக்காமல் கிடந்த படுக்கைக்கு வாடையே இல்லை. ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: ஆட்கள் வரிசையில் நிற்பது நாற்றத்தை எடுத்துவிட்டார்கள் என்பதால்தான். டப்பாவுக்கு மூடி இருக்கிறது. பிரிட்டிஷ் கலைஞர் மார்க் குவின் 1991இல் தன் ரத்தத்தையே நாலரை லிட்டர் சேர்த்துத் தன் தலையை வார்த்தார், அதற்கு உறைபெட்டி இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஆந்த்ரேஸ் செரானோ 1987இல் மூத்திரத்துக்குள் சிலுவையை இறக்கி எடுத்தது புகைப்படம்தான். தலைப்பை மறைத்துவிட்டால் பொன்னிறத்தில் விளக்குப் போட்ட மாதிரி அழகாக இருக்கும். கண்ணுக்கு மட்டும் கொடுத்து மூக்கைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

9 ஜனவரி, காலை 7.10

ராத்திரி எழுதியது கொஞ்சம் அதிகம். மூக்கைக் காப்பாற்றாத வேலைகளும் உண்டு. பெல்ஜியத்தின் விம் டெல்வோய் 2000இல் ஆன்ட்வெர்ப்பில் ஒரு இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு பக்கம் சாப்பாடு போட்டால் கண்ணாடிக் குடுவைகள் வழியாக, உடம்புச் சூட்டில், நொதியும் பாக்டீரியாவும் வேலை செய்து மறுமுனையில் மலமாக வரும். வாடை அசலானது. ஆனாலும் வந்ததைக் காற்றுப் புகாமல் பொட்டலம் கட்டி விற்றார்கள். பிரிட்டனின் டேமியன் ஹர்ஸ்ட் 1990இல் மாட்டுத் தலையை வைத்து ஈ பெருக வைத்தார், அதுவும் கண்ணாடிக்குள்.

9 ஜனவரி, மதியம்

இந்தவகைக் கலையை 'அப்ஜெக்ட்' (abject) கலை என்பார்கள். 'அருவருப்பு' என்று சொன்னால் போதாதா, தனிச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அருவருப்பு நம் பக்கத்து உணர்ச்சி. இவர்கள் பேசுவது பொருளைப் பற்றி: நம் உடம்பிலிருந்தோ வாழ்க்கையிலிருந்தோ வெளியே தள்ளியது, தள்ளிய பிறகும் முழுசாக அந்நியமாகாதது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜூலியா கிறிஸ்தவா 1980இல் இதற்கு ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவர் சொல்லும் முதல் உதாரணங்களில் ஒன்று பாலின் மேல் படியும் ஆடை. அது உதட்டில் பட்டதும் தொண்டை இறுகி ஓங்கரிக்கிறது என்கிறார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பாலேட்டுக்கு நானும் அண்ணனும் அடித்துக்கொள்வோம். சர்க்கரை தூவி ஆச்சி உள்ளங்கையில் வைத்துத் தருவாள். ஒருத்திக்குக் குமட்டுவது இன்னொருத்திக்குப் பண்டம் என்றால் இந்தக் கொள்கை என்ன கொள்கை என்று தோன்றியது.

பிறகு திரும்ப எடுத்தேன். எந்தப் பொருள் என்பது ஊருக்கு ஊர் மாறும், தள்ளுவது மட்டும் மாறாது. முச்சந்தியில் கிடக்கும் திருஷ்டிப் பூசணிக்காயை நினைத்துப் பாருங்கள். நேற்று வரை கூட்டு வைக்கும் காய். 'கழிச்சுப் போட்டது, மிதிச்சிராத' என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்க்காத பிள்ளை உண்டா?

9 ஜனவரி, மாலை 6.20

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 964ஆம் குறள், 'தலையின் இழிந்த மயிரனையர்'. இழிதல் என்றால் இறங்குவது, விழுவது. கேவலப்படுவதும் அதே சொல். தலையில் இருக்கும்வரை எண்ணெய் வைத்துப் பூ வைத்துக் கொண்டாடிய மயிர் சோற்றில் கிடந்தால் தட்டையே தள்ளிவிடுகிறோம். கிறிஸ்தவா சொல்வதற்குத் தமிழ் கேட்டால் நான் 'இழிபொருள்' என்பேன்.

10 ஜனவரி, இரவு 12.15

எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. வயிற்றில் இடது பக்கம் துளை போட்டுக் குடலை வெளியே கொண்டுவந்து பை மாட்டிவிட்டார்கள். ஏழு மாதம் அப்படி இருந்தாள். பை மாற்றியது நான்தான். அண்ணி ஒருநாள் முயன்றாள், வாந்தி எடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் துளையின் வாய் ஈரமாக, பவழச் சிவப்பில் இருக்கும். தொட்டால் அம்மாவுக்கு வலிக்காது, அங்கே அந்த உணர்ச்சி கிடையாது. அது முதல் சில வாரங்களில் சுருங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அளந்து, பையின் ஒட்டுத் தகட்டில் கத்தரியால் வட்டம் வெட்ட வேண்டும். ஒரு நூல் பெரிதாக வெட்டினாலும் மலம் தோலில் பட்டுப் புண்ணாகிவிடும். முதல் வாரம் வாயால் மூச்சு விட்டேன், சாம்பிராணி போட்டேன். அம்மா ஒருநாள் சொன்னாள், "மூஞ்சியச் சுளிக்காதட்டி. நீ சுளிச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

பை சீக்கிரம் நிரம்பக் கூடாது என்று அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. எடை பார்த்தோம். ஆறு கிலோ இறங்கியிருந்தது.

மூன்றாம் மாதத்தில் எனக்கு அந்த வாடை தெரியவே இல்லை. நிறம் பார்ப்பேன், இளக்கமா இறுக்கமா என்று பார்ப்பேன், நேற்றுத் தின்ற பீட்ரூட் என்று சொல்வேன். பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நின்றுகொண்டு காபி வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு நாங்கள் இரண்டு பேருமே தள்ள வேண்டியவர்களாகிவிட்டோம்.

லண்டனில் அந்தப் படுக்கையை மோந்து பார்த்தவளும் நான்தான்.

11 ஜனவரி

"உங்கள் அம்மாவின் நோயைக் கலையோடு சேர்க்காதீர்கள், அது வேறு இது வேறு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கலையில் ஒரு பகுதி நோயாளிப் படுக்கையிலிருந்து வந்ததுதான்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நியூயார்க்கில் ஏன் இத்தனை ரத்தமும் சளியும் கலைக்கூடத்துக்குள் வந்தன? எய்ட்ஸ். ரத்தம், விந்து, தாய்ப்பால் எல்லாம் திடீரென்று மரணத்தின் வாகனமாகின. அமெரிக்கச் சிற்பி கிகி ஸ்மித் 1985இல் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி எடுத்தவர். அவருடைய தங்கை 1988இல் எய்ட்ஸில் இறந்தார். அந்த வருடங்களில் அவர் செய்தது 12 கண்ணாடி ஜாடிகள், வெள்ளிப் பூச்சுப் பூசியவை. ரத்தம், கண்ணீர், சீழ், மூத்திரம், எச்சில், வாந்தி, பால், வியர்வை என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். உள்ளே எதுவும் இல்லை. வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. 'சீழ்' என்ற எழுத்தைக் குனிந்து படித்தால் அதற்குப் பின்னால் உங்கள் முகம் தெரியும்.

இதற்கும் வாடை கிடையாதே என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: எட்டாம் தேதி எழுதியது இங்கே உடைகிறது. ஜாடி காலிதான், ஆனால் என்னை ஒளித்துவைக்க அது விடவில்லை.

17 ஜனவரி

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. ஆச்சி வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது பின்வாசல் சந்தில் நின்றேன். அங்கே சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு இருந்த இடம் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறது. எடுப்புக் கக்கூஸ். என் சின்ன வயதில் அந்தக் கதவைத் திறந்து சாம்பலைப் போட்டு வாளியில் வழித்துக்கொண்டு போக ஒரு அம்மா வருவார். ஆச்சி மேலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், அந்த அம்மா கீழே அலசுவார். பத்து வயதுவரை வாரத்தில் எல்லா நாளும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நேற்று அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

17 ஜனவரி, இரவு

ஒரு தேதிப் பொருத்தம் மனதை விட்டுப் போகவில்லை. நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இந்தவகைக் கலைக்குப் பெயர் சூட்டி, இழிபொருளையே தலைப்பாக வைத்து மாணவர்கள் ஒருங்கிணைத்த காட்சி 1993 ஜூனில் திறந்தது. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடுக்கும் முதல் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து விழுந்ததும் 1993 ஜூனில்தான். அங்கே 'தள்ளியதைத் திரும்பிப் பார்' என்று சொல்கிற மாதத்தில், இங்கே ஒரு கூட்டம் மனிதர்களை அதைப் பார்க்காமல், அள்ளாமல் இருக்க விடுங்கள் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் 2013இல் இன்னொரு சட்டம்.

கிறிஸ்தவாவின் புத்தகத்தில் இந்தியச் சாதியைப் பற்றியும் வருகிறது. ஆனால் தள்ளுகிற மனதைத்தான் அவர் துருவித் துருவிப் பார்க்கிறார். தள்ளியதை யார் எடுத்தார் என்பது என் கேள்வி.

18 ஜனவரி

அப்படியானால் சாந்தியாகோ சியெராவைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டவருக்கு. தெரியாதவர்களுக்காக: ஸ்பானியக் கலைஞர். டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் சேகரித்த மனித மலத்தை மூன்று வருடம் மண்ணாகும்வரை விட்டு, ஃபெவிகால் கலந்து, 21 பலகைகளாக வார்த்தார். ஒவ்வொன்றும் 215 சென்டிமீட்டர் உயரம், 75 அகலம், 20 கனம். ஆள் படுக்கிற அளவு. சுலப் இன்டர்நேஷனல் என்ற இந்தியக் கழிப்பறைச் சேவை அமைப்பைச் சேர்ந்தவர்கள் செய்தது என்று தலைப்பிலேயே இருக்கிறது. 2007இல் லண்டன் லிஸ்ஸன் காலரியில், வந்து இறங்கிய மரப்பெட்டிகளோடு நிறுத்தினார்கள்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. 21 பலகை இருக்கிறது, செய்த ஆட்களில் ஒருவர் பெயர்கூடத் தலைப்பில் இல்லை. எங்கள் பின்வாசல் சந்துதான் லண்டன் போயிருக்கிறது.

18 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

கோபத்தை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் முழுசாகச் சரியும் இல்லை. சியெரா எப்போதும் இப்படித்தான் செய்வார். 2000இல் ஸ்பெயினில் போதைக்கு அடிமையான நாலு பெண்களுக்கு ஒரு வேளை ஹெராயின் விலையைக் கூலியாகக் கொடுத்து, முதுகில் குறுக்காக ஒரே கோடு பச்சை குத்தினார். கூலி கொடுத்தால் மனிதரை என்னவெல்லாம் செய்யலாம் என்பதை அவரே செய்து காட்டிக் கையைக் கறையாக்கிக்கொள்கிறார். பெயர் இல்லை என்று எனக்குக் கோபம் வருவதைத்தான் அவர் எதிர்பார்த்திருக்கலாம். அந்த அம்மாவின் பெயர் தெரியாதது எனக்கு உறைத்ததே இந்த வாரம்தான்.

ஆனாலும் அந்தப் பலகைக்கு முன் நிற்கிறவருக்கு உறைக்குமா? லண்டன்காரர் பார்ப்பது வழவழப்பான பழுப்புப் பலகை. அள்ளிய கை அதில் எங்கே?

20 ஜனவரி

கை தெரிகிற வேலை வேண்டுமென்றால் தெரேசா மார்கோயெஸ். மெக்சிகோவின் குலியாகானில் பிறந்தவர். தடயவியல் மருத்துவம் படித்து, பிணவறையில் வேலை செய்தவர். மெக்சிகோவில் வன்முறையில் செத்தவர்கள் அவர் மேசைக்கு வந்தார்கள்.

2003இல் அவர் செய்தது சோப்புக் குமிழி. அவ்வளவுதான். வெள்ளை அறை, கூரையிலிருந்து குமிழிகள் மிதந்து இறங்கும். மேலே வந்து படும், உடையும், கை நீட்டிப் பிடிக்கத் தோன்றும். சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும்போதுதான் தெரியும்: பிணவறையில் சடலங்களைக் கழுவிய தண்ணீர் அது. கிருமி நீக்கியதுதான், ஆபத்தில்லை, வாடையும் இல்லை. ஆனால் அதற்குள் அது உங்கள் தோலில் உடைந்திருக்கும்.

2009இல் வெனிஸ் பியெனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் மெக்சிகோவின் அரங்கு அவருடையது. பழைய மாளிகை. கொலை நடந்த இடங்களிலிருந்து துணியில் ஒற்றி எடுத்த ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து தினமும் தரையைத் துடைத்தார்கள். துடைத்தவர்கள் கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள். வாளியும் மாப்பும்தான். வந்தவர்கள் காய்ந்துகொண்டிருக்கும் தரையில் நடந்தார்கள்.

இதைப் படங்களிலும் எழுத்திலும்தான் அறிவேன். அதற்கே ஒருநாள் முழுக்க வீட்டில் மாப்பைத் தொட முடியவில்லை. குமட்டல் கொஞ்சமும் இல்லை, துக்கம்தான். யாரோ ஒருவருடைய அண்ணன் அந்தத் தரையில் இருக்கிறான், அதைத் தங்கை துடைக்கிறாள்.

20 ஜனவரி, இரவு 11.00

ஆக, முதல் நாள் சொன்னதைத் திருத்துகிறேன். வாடை இருக்கிறதா இல்லையா என்று அளந்தது தப்பு. நானும் சாம்பிராணி போட்டவள்தான், கையுறை மாட்டியவள்தான். மறைப்பு இல்லாமல் யாராலும் கிட்டே போக முடியாது. மார்கோயெஸும் கிருமி நீக்கித்தான் தருகிறார். நான் இப்போது பார்ப்பது வேறு: அந்தக் கழிவோடு அதற்குரிய ஆளும் இருக்கிறாரா? மன்ஸோனி டப்பாவில் பெயர்தான் உண்டு, ஆள் இல்லை. குவின் தலையில் ஆள் உண்டு, ஆனால் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. சியெராவிடம் இருபது சென்டிமீட்டர் கனத்துக்குப் பின்னால் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

எமினின் படுக்கைக்கு நான் செய்தது அநியாயம். அங்கே ஆள் இருந்தாள். மனம் உடைந்து நாலு நாள் எழுந்திரிக்காதவள். நான் அவளைத் தேடாமல் நாற்றத்தைத் தேடினேன்.

21 ஜனவரி

மயிரைப் பற்றிச் சொன்னதும் ஒருவர் ஷீலா கௌடாவை நினைவூட்டினார், நன்றி. பெங்களூர்க் கலைஞர். கோயிலில் காணிக்கையாக மழித்த முடியைத் திரித்த கயிறு நாலாயிரம் மீட்டர், அதில் கார் பம்பர்கள் தொங்கும். 2009இல் செய்தது, இப்போது டேட்டில் இருக்கிறது. பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணேறு படாமலிருக்க பம்பரில் முடிக்கயிறு கட்டுவார்கள். சோற்றில் கிடந்தால் இழிந்தது, சாமிக்குக் கொடுத்தால் காணிக்கை, வண்டியில் கட்டினால் காவல். அத்தனை கிலோ எஃகை அந்த மயிர் தாங்குகிறது. இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

23 ஜனவரி

அம்மாவுக்கு இதையெல்லாம் காட்டியிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். காட்டியதில்லை. நேற்று மதியம் காட்டினேன். அவளுக்கு இப்போது பை இல்லை, துளையை மூடி இரண்டரை வருடம் ஆகிறது. தழும்பு மட்டும் இருக்கிறது.

கிகி ஸ்மித் 1992இல் மெழுகில் செய்த பெண். நாலு காலில் தவழ்கிறாள். பின்னாலிருந்து மலம் ஒரு நீண்ட வாலாகத் தரையில் இழுபட்டு வருகிறது. அம்மா சட்டென்று போனைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். விரலால் பெரிதாக்கினாள். முட்டியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"தொடச்சிவிட ஆள் இல்ல போலுக்கு" என்றாள்.

இது பொம்மைதான், அமெரிக்காவில் ஒரு அம்மா செய்தது என்றேன்.

"பொம்மன்னு தெரியுதுட்டி. அவளுக்கு வீட்டுல யாரு இருக்கா?"